அடுத்த எபிசோடைப் போடுவது யார்? ஓயாமல் ஓடும் இணையச் சேனல்கள்: ஒரு விளக்கம்

புதிய ஸ்மார்ட் டிவியைச் சுவரில் மாட்டி, வைஃபை பாஸ்வேர்டைப் போட்டு முடித்ததும் பல வீடுகளில் ஒரு குழப்பம் வருகிறது. கேபிள் இழுக்கவில்லை, மொட்டை மாடியில் டிஷ் இல்லை, எதற்கும் சந்தா கட்டவில்லை. ஆனாலும் ரிமோட்டில் சேனல் பொத்தானை அழுத்தினால் ஒன்றில் செய்தி ஓடுகிறது, அடுத்ததில் சமையல், அதற்கடுத்ததில் ஏதோ ஒரு படம் பாதியில் போய்க்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் அனுப்புவது யார்? இலவசமாக எப்படிக் கிடைக்கிறது? படத்தை முதலிலிருந்து ஏன் பார்க்க முடியவில்லை?

இதே குழப்பம் செய்தியாகவும் வந்தது. பிரான்சின் பெரிய தனியார் தொலைக்காட்சிக் குழுமமான டிஎஃப்1-இன் சேனல்கள் 2026 கோடை முதல் நெட்ஃபிளிக்ஸுக்குள்ளேயே ஓடும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். நினைத்த நேரத்தில் நினைத்த எபிசோடைப் பார்க்க உலகத்தைப் பழக்கிய நிறுவனம், மணி அடித்தால் நிகழ்ச்சி என்ற பழைய ஏற்பாட்டை ஏன் உள்ளே அழைக்கிறது என்று பலருக்கும் புரியவில்லை.

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அடுத்து என்ன ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது யார் என்ற கேள்விதான் அந்த இடம். விளம்பரம், உரிமம், கதை சொல்லும் விதம், சட்டம் எல்லாமே அதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்து மாறுகின்றன.

## முதலில் சில சொற்கள்

1. லீனியர்: நேரப்பட்டியல்படி ஓடும் சேனல். எட்டு மணிக்கு என்ன, எட்டரைக்கு என்ன என்பதைச் சேனல்காரர் தீர்மானிப்பார். நாம் நுழையும்போது எது ஓடுகிறதோ அதுதான்.

2. ஆன் டிமாண்ட்: கேட்டால் கிடைப்பது. எபிசோடைத் தேடி எடுப்பதும், நிறுத்துவதும், பின்னால் போவதும் நம் கையில்.

3. ஃபாஸ்ட்: விளம்பர வருமானத்தில் இலவசமாக ஓடும் ஸ்ட்ரீமிங் தொலைக்காட்சி என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அமெரிக்கத் தொலைக்காட்சித் துறை ஆய்வாளர் ஆலன் வோல்க் 2019-இல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். புளூட்டோ டிவி, ரோக்கு சேனல், சாம்சங் டிவி பிளஸ், எல்ஜி சேனல்ஸ் எல்லாம் இந்த வகை. டியூபி போன்ற சேவைகள் ஆன் டிமாண்ட் பட்டியலையும் ஃபாஸ்ட் சேனல்களையும் சேர்த்தே வைத்திருக்கின்றன.

பெயர் புதிது, அனுபவம் பழையது. வெள்ளிக்கிழமை மாலை சென்னைத் தொலைக்காட்சியின் ஒளியும் ஒலியும் நிகழ்ச்சிக்காக அண்டை வீட்டுத் திண்ணை வரை கூட்டம் உட்கார்ந்த காலத்தில் எல்லாத் தொலைக்காட்சியும் லீனியர்தான். அன்று அதற்கு ஒரு பௌதிகக் காரணம் இருந்தது. கோபுரத்திலிருந்து ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு நிகழ்ச்சியைத்தான் அனுப்ப முடியும். அதனால் வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

இணையத்தில் அந்தக் கட்டாயமே கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் காட்சி தனித்தனியாகத்தான் போகிறது. பக்கத்து வீட்டில் முதல் எபிசோடும் நம் வீட்டில் பத்தாவது எபிசோடும் ஒரே நேரத்தில் ஓடுவதில் எந்தத் தடையும் இல்லை. ஆக, இணையச் சேனலில் நேரப்பட்டியல் இருக்கிறது என்றால், யாரோ வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

## ஓடும் சேனல் உள்ளே எப்படி ஓடுகிறது?

கேட்டு வாங்கும் எபிசோடும் ஓடும் சேனலும் தொழில்நுட்பத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது.

1. வீடியோவைச் சில விநாடி நீளத் துண்டுகளாக நறுக்கி சர்வரில் வைப்பார்கள். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையும் அதைப் போன்றவையும் இப்படித்தான் வேலை செய்கின்றன. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று சொல்லும் ஒரு பட்டியல் கோப்பு கூடவே இருக்கும். டிவி அந்தப் பட்டியலைப் படித்து, துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டும்.

2. ஆன் டிமாண்ட் எபிசோடின் பட்டியலில் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை எல்லாம் இருக்கும். அதனால்தான் எங்கே வேண்டுமானாலும் தாவ முடிகிறது. ஓடும் சேனலின் பட்டியலில் கடைசிச் சில துண்டுகள் மட்டும் இருக்கும். சில விநாடிக்கு ஒருமுறை புதிய துண்டு சேரும், பழையது விழுந்துவிடும். தேர் வீதியில் போகும்போது வாசலில் நிற்கிறவர் பார்ப்பது போலத்தான்: நின்ற நேரத்தில் எது கடக்கிறதோ அது. முன்னால் போனதைத் திரும்பக் கேட்கப் பட்டியலில் அது இல்லை. சில சேவைகள் 'முதலிலிருந்து பார்' என்ற பொத்தானைத் தருகின்றன. அதை அழுத்தினால் சேனலை விட்டு ஆன் டிமாண்ட் கோப்புக்குப் போய்விடுகிறோம், அவ்வளவுதான்.

3. விளம்பரம் வர வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி போடப்படும். எஸ்சிடிஇ-35 என்ற அந்தக் குறி அமெரிக்கக் கேபிள் காலத்திலிருந்து வருவது. குறி வந்ததும், சர்வரிலேயே விளம்பரத் துண்டுகளை நிகழ்ச்சித் துண்டுகளோடு கோத்து அனுப்புகிறார்கள். இப்படிக் கோக்கும் வேலை வீட்டுக்கு வீடு தனியாக நடக்கும். ஒரே சேனலை ஒரே நேரத்தில் பார்க்கும் இரண்டு வீடுகளில் வேறு வேறு விளம்பரம் வருவது இதனால்தான்.

4. அந்த நொடியில் அந்த வீட்டுக்கு யாரும் விளம்பரம் வாங்கவில்லை என்றால் என்ன ஆகும்? 'விரைவில் திரும்புவோம்' என்ற அட்டைப்படமும் ஒரே இசையும் சுற்றிச் சுற்றி வரும். ஒரே விளம்பரம் ஓர் இடைவேளையில் மூன்று முறை வருவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுவே: இடம் நிறைய, வாங்குகிறவர்கள் கொஞ்சம். பார்க்கிறவரை வேறு எதையும்விட அதிகமாக விரட்டுவது இந்தத் திரும்பத் திரும்ப வரும் விளம்பரம்தான். துறை இதை இன்னும் சரியாகக் கையாளவில்லை.

இந்த ஏற்பாட்டில் வாடகைக்குச் செயற்கைக்கோள் வேண்டாம், பெரிய ஒளிபரப்புக் கட்டடம் வேண்டாம். கிளவுடில் ஒரு மென்பொருள் போதும். உலகின் பல ஃபாஸ்ட் சேனல்களுக்கு இந்த மென்பொருளைத் தருவது 2008-இல் பெங்களூரில் தொடங்கிய அமாகி என்ற நிறுவனம். செலவு இவ்வளவு குறைந்ததால், முன்பு யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று சாத்தியமானது. ஒரே ஒரு தொடருக்காக ஒரு முழுச் சேனல். புளூட்டோ டிவியில் ஒரு துப்பறியும் தொடரின் எபிசோடுகள் மட்டும் இரவும் பகலும் ஓடும் சேனல்கள் இருக்கின்றன.

## தேர்ந்தெடுக்கும் களைப்பு: எவ்வளவு உண்மை?

நேரப்பட்டியல் திரும்பி வந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், மக்கள் தேர்ந்தெடுத்துக் களைத்துவிட்டார்கள் என்பது. என்ன பார்ப்பது என்று முடிவு செய்யவே பார்வையாளர்கள் சராசரியாக 10.5 நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் 2023-இல் சொன்னது. சாப்பாட்டுத் தட்டு ஆறிப்போகும் வரை ரிமோட்டோடு உட்கார்ந்தவர்களுக்கு இந்த எண் ஆச்சரியம் தராது.

இதோடு எப்போதும் ஒட்டிவரும் ஆய்வு ஒன்று உண்டு. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஜாம் பரிசோதனை. கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது ருசி பார்த்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். 6 வகை மட்டும் வைத்தபோது சுமார் 30 சதவீதம் பேர். ஆனால் இத்தகைய 50 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யமாக வந்தது. சில சூழ்நிலைகளில் அதிகத் தேர்வு தொல்லைதான், சிலவற்றில் நன்மை. ஆகவே ஜாம் கதையை வைத்து மட்டும் ஃபாஸ்டின் வளர்ச்சியை விளக்குவது சரியில்லை.

நெட்ஃபிளிக்ஸின் அனுபவமும் அதையே காட்டுகிறது. 2020 நவம்பரில் பிரான்சில் 'டைரக்ட்' என்ற லீனியர் சேனலைச் சோதித்துப் பார்த்தது. 2021-இல் எதையாவது நீயே போடு என்கிற ஒரு பொத்தானை உலகெங்கும் வைத்தது. 2023-இல் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டது. களைப்பே முழுக் காரணமாக இருந்திருந்தால், அந்தப் பொத்தான் தேய்ந்துபோகும் அளவுக்கு அழுத்தப்பட்டிருக்க வேண்டும்.

என் பார்வையில் காரணம் வேறு. காசு கொடுத்து ஒரு சேவைக்குள் நுழைகிறவர் பெரும்பாலும் ஏதோ ஒன்றைப் பார்க்கத்தான் வருகிறார், அவருக்குத் தேர்வு வேண்டும். வேலை முடிந்து வந்து, துணி மடித்துக்கொண்டே, வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும் என்று டிவியைப் போடுகிறவருக்கு அது வேண்டாம். இருவரும் ஒரே ஆள்தான், வேளைதான் வேறு. ஃபாஸ்ட் பிடித்திருப்பது இரண்டாவது வேளையை.

## பணம் எங்கிருந்து வருகிறது?

இந்த இரண்டாவது வேளைக்கு நல்ல மதிப்பு உண்டு என்பதைப் பெரிய நிறுவனங்கள் சீக்கிரமே கண்டுகொண்டன. 2014-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய புளூட்டோ டிவியை 2019-இல் வயாகாம் 34 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு ஃபாக்ஸ் 44 கோடி டாலருக்கு டியூபியை வாங்கியது. நீல்சனின் 2025 மே மாதக் கணக்கில், அமெரிக்கர்கள் டிவி பார்த்த மொத்த நேரத்தில் 44.8 சதவீதம் ஸ்ட்ரீமிங். கேபிளும் கோபுர ஒளிபரப்பும் சேர்ந்தால்கூட அதைவிடக் குறைவாக வந்தது அதுவே முதல் முறை. புளூட்டோ, ரோக்கு சேனல், டியூபி மூன்றும் சேர்ந்து 5.7 சதவீதம். இதில் ஆன் டிமாண்டில் பார்த்ததும் கலந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிவி தயாரிப்பாளர்கள் ஏன் சேனல் நடத்துகிறார்கள் என்பதற்கும் இங்கேதான் பதில். பெட்டியை ஒருமுறைதான் விற்க முடியும், விளம்பர வருமானம் பெட்டி ஓடும் வரை வரும். அமெரிக்காவின் விசியோ நிறுவனத்துக்கு டிவி விற்பதைவிட விளம்பரமும் பார்வையாளர் தரவும் அதிக லாபம் தந்தன. 2024-இல் வால்மார்ட் 230 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தையே வாங்கியது. டிவியைப் போட்டதும் முகப்புப் பக்கத்துக்குப் பதில் ஏதோ ஒரு சேனல் தானாக ஓடத் தொடங்குகிறதே, அந்த முதல் நொடிகூடக் காசு.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. திரையில் ஓடுவது என்ன என்று டிவியே அடையாளம் கண்டு தயாரிப்பாளருக்குச் சொல்லும் நுட்பம் ஒன்று இருக்கிறது. உரிய ஒப்புதல் இல்லாமல் 1.1 கோடி டிவிகளிலிருந்து இப்படித் தரவு எடுத்ததாக எழுந்த புகாரில், விசியோ 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. இலவசச் சேனல் பார்க்கிறவர்கள் டிவியின் அமைப்புகளுக்குள் போய், பார்வைத் தகவல், விளம்பரம் என்ற தலைப்புகளில் எதற்கெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

## தேர்வுக்கே ஒரு விலை உண்டு

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத பகுதி உரிமம். ஒரு தொடரை நேரப்பட்டியலில் ஓட்டும் உரிமையும், கேட்டவருக்குக் கேட்ட எபிசோடைத் தரும் உரிமையும் ஒப்பந்தங்களில் தனித்தனியாக எழுதப்படுகின்றன. ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்க வேண்டும் என்பதில்லை. ஓடும் சேனலில் பார்த்த தொடரை அதே செயலியில் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வேறுபாட்டை இசையில் அமெரிக்கச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. அங்கே இணைய வானொலி, பாட்டைக் கேட்கிறவர் தேர்ந்தெடுக்க முடியாதபடி இருந்தால், ஒலிப்பதிவுக்கென்று ஒவ்வொரு நிறுவனத்தோடும் பேரம் பேச வேண்டாம். சட்டம் வகுத்த கட்டணத்தைச் செலுத்தினால் போதும். அதற்குச் சில நிபந்தனைகள்:

1. மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் கூடாது.
2. அதே நேரத்துக்குள் ஒரே கலைஞரின் நான்கு பாட்டுக்கு மேல் கூடாது.
3. எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே பட்டியல் வெளியிடக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் அதுவே பாதித் தேர்வு ஆகிவிடும் என்று சட்டம் கருதுகிறது. கேட்கிறவர் கையில் எவ்வளவு தேர்வு போகிறதோ, உரிமையாளருக்கு அவ்வளவு பணம் போக வேண்டும் என்பதே இதன் அடிநாதம். தொலைக்காட்சித் தொடர்களுக்கு இப்படிச் சட்டக் கட்டணம் இல்லை, எல்லாம் பேரம்தான். ஆனால் தர்க்கம் ஒன்றே.

இதன் விளைவை நேரில் காட்டியது வெஸ்ட்வேர்ல்டு தொடர். நான்கு சீசன் ஓடிய அந்தப் பெரும் செலவுத் தொடரை 2022 டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி தன் சொந்த எச்பிஓ மேக்ஸ் சேவையிலிருந்தே எடுத்துவிட்டது. அடுத்த மாதமே ரோக்கு, டியூபி ஆகியவற்றோடு ஒப்பந்தம் போட்டு, விளம்பரத்தோடு இலவசமாக ஓட அனுப்பியது. சந்தா கட்டி எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது இல்லாமல் போனது. ஆன் டிமாண்ட் பட்டியல் நிரந்தர நூலகம் என்ற எண்ணம் அன்றோடு உடைந்திருக்க வேண்டும்.

## எந்தக் கதை எந்த முறைக்குப் பொருந்தும்?

ஒரு எபிசோடில் ஒரு குற்றம், அந்த எபிசோடிலேயே தீர்வு என்ற வகைத் தொடர்கள் ஓடும் சேனலுக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். எங்கே நுழைந்தாலும் பத்து நிமிடத்தில் புரியும். சமையல், வீடு கட்டுதல், நீதிமன்ற நிகழ்ச்சிகளும் அப்படியே. நம்மூர் மெகா தொடர்களும் இந்த இலக்கணத்தில் பிறந்தவைதான். நேற்று நடந்ததை இன்று இரண்டு பாத்திரங்கள் பேசிக் காட்டுவதும், ஒரு முகத்தில் கேமரா மூன்று முறை போய் நிற்பதும், இரண்டு நாள் விட்டுவிட்டு வந்தவரும் கதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நேரப்பட்டியலில் தொடர்ந்து வர முடியாத, வீட்டு வேலைக்கு நடுவே பார்க்கிற மனிதர்களை மதித்து உருவான உத்தி அது என்பதே என் கருத்து. அந்தத் தொடரையே ஆன் டிமாண்டில் அடுத்தடுத்து நான்கு எபிசோடு பார்த்தால்தான் திரும்பச் சொல்வது சலிப்பாகிறது.

எதிர்முனையில், 2013 பிப்ரவரியில் ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ் தொடரின் 13 எபிசோடுகளையும் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் வெளியிட்டது. எழுதுகிறவர்களுக்கு அப்புறம் முன்கதை சொல்ல வேண்டிய தேவை குறைந்தது. மூன்றாவது எபிசோடில் சொன்ன ஒரு சொல்லுக்குப் பத்தாவதில் பொருள் வைக்கலாம். அப்படிப்பட்ட கதையை ஓடும் சேனலில் நடுவில் பிடித்தால் ஒன்றும் விளங்காது. நீண்ட கதையுள்ள ஒரு தொடர் ஓடும் சேனலில் மட்டும் கிடைக்கும் நிலை வந்தால், அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

பழைய தொலைக்காட்சியின் ஒரு நன்மை மட்டும் ஃபாஸ்டில் திரும்பி வரவில்லை. அது எல்லோரும் ஒன்றாகப் பார்ப்பது. அன்று ஊருக்கு ஒரு சேனல் இருந்ததால் மறுநாள் பேருந்தில் அதே காட்சியைப் பற்றிப் பேச முடிந்தது. நூற்றுக்கணக்கான ஃபாஸ்ட் சேனல்களில் ஒவ்வொன்றையும் எங்கெங்கோ சிலர் பார்க்கிறார்கள். நேரப்பட்டியல் திரும்பியது, கூட்டம் திரும்பவில்லை. கிரிக்கெட் போன்ற நேரலைகள்தான் இன்னும் எல்லோரையும் சேர்க்கின்றன. அங்கும் துண்டு துண்டாக வருவதால் ஸ்ட்ரீமிங் பல விநாடி பின்தங்குகிறது. டிஷ் வைத்திருக்கும் எதிர்வீட்டில் கூச்சல் கேட்ட பிறகுதான் நம் திரையில் விக்கெட் விழுகிறது.

## இந்தியாவில் நிலை என்ன?

அமெரிக்காவில் ஃபாஸ்ட் பரவியதற்குப் பின்னால் அங்கே கேபிள் கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு ஏறியது இருக்கிறது. இங்கே அந்த அழுத்தம் குறைவு. கேபிள் ஒப்பீட்டில் மலிவு. மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 4 கோடிக்கும் அதிகமான வீடுகளில் இருக்கிறது. இணையம் இல்லாமலே இலவச லீனியர் என்பதை இந்தியா முன்பே தீர்த்துவைத்துவிட்டது. சாம்சங் டிவி பிளஸ் 2021-இல் இங்கே வந்தது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் ஓடும் சேனல்களும் ஆன் டிமாண்ட் நிகழ்ச்சிகளும் ஒன்றாக இருக்கின்றன. தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் 24 மணி நேரமும் ஓடுவதும் கிட்டத்தட்ட இதே வடிவம்தான்.

சட்டத்தில்தான் முடிச்சு விழுகிறது.

1. கேபிளில் வரும் சேனலுக்கு 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும் அதன் நிகழ்ச்சி விதிகளும் பொருந்தும். செயற்கைக்கோள் சேனலுக்கு ஒன்றிய அரசின் அனுமதியும் வேண்டும்.

2. ஓடிடி தளங்களுக்கு 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். 7, 13, 16 வயதுக்கு மேல், வயது வந்தோருக்கு மட்டும் என்று வகை பிரித்துக் காட்டுவதும், பெற்றோர் பூட்டும் அதில் வருகின்றன.

3. அந்த 2021 விதிகள், தாம் கட்டுப்படுத்தும் உள்ளடக்கத்தை 'கேட்கும்போது கிடைக்கும்' நிகழ்ச்சிகளின் தொகுப்பு என்றே வரையறுக்கின்றன.

ஃபாஸ்ட் சேனல் கேபிளிலும் வரவில்லை, செயற்கைக்கோளிலும் வரவில்லை, கேட்கும்போதும் கிடைப்பதில்லை. சொல்லுக்குச் சொல் படித்தால் மூன்று வாசலுக்கும் நடுவே நிற்கிறது. ஆன் டிமாண்டில் குழந்தை ஒரு படத்தைத் தொடும் முன் வயது அடையாளம் காட்டலாம், பூட்டு கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் சேனலில் அதே படம் மாலை நாலரை மணிக்குப் பாதியில் கண்ணில் படும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் படத்தை வைத்திருக்கும் நிறுவனமா, சேனலைக் கோத்தவரா, அந்தச் சேனலைத் தன் டிவியிலேயே பதித்து விற்ற தயாரிப்பாளரா என்பதை அந்த 2021 வரையறை சொல்லவில்லை.